வார்டுல மார்க் போடுறப்போ நாம பண்ற தப்புகள்

நர்சிங் பிள்ளைங்களுக்கு கிளினிக்கல் மார்க் போட ரூப்ரிக் இருக்கு (எதைப் பாத்து எவ்ளோ மார்க் போடணும்னு சொல்ற தாள்), இனிமே பாரபட்சம் வராதுன்னு நம்புறதுதான் மொத தப்பு. கேரள எல்லையில களியக்காவிளை பக்கம் நான் பாத்த தாள்ல பாதிக்கு மேல "நன்று, சுமார், மோசம்"னு மூணு கட்டம், அவ்ளோதான். எது நன்று? பிபி பாக்குறப்போ கையை நெஞ்சு மட்டத்துக்கு வெச்சாளா, கைப்பட்டைல உள்ள காத்தை செகண்டுக்கு 2-3 பாதரச மில்லிமீட்டர் வீதம் எறக்குனாளான்னு கண்ணால பாக்குற மாதிரி எழுதலன்னா ஒரு மேடம் 8 போடுவாங்க, இன்னொருத்தங்க 5 போடுவாங்க.

ஆனா உண்மையிலயே ஆபத்து, எல்லாத்தையும் கூட்டிப் பாஸ் போடுறது. ஒரு பிள்ளை கேதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடுறா, குழாய் நுனி பெட்ஷீட்ல பட்டுது, கவனிக்காம அப்படியே போடப் போனா, நான் நிறுத்தி வேற எடுக்கச் சொன்னேன். ஸ்கிரீன் மறைச்சது, சம்மதம் கேட்டது, ட்ரே அடுக்குனதுன்னு எல்லாம் கூட்டுனா 20-க்கு 17 வருது! ஸ்டெரைல் (கிருமி இல்லாத நிலை) போச்சுன்னா அன்னைக்கு பாஸ் இல்ல, திரும்ப செய்யணும், அதுக்குத் தனியா ஒரு வரி வேணும், மார்க்கோட கலக்கவே கூடாது.

அப்புறம் நம்ம ஊருக்கே உள்ள கூத்து, பாஷை. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல உள்ள பாறசாலைல இருந்து வந்த ஒரு பிள்ளை மூட்டு ஆபரேஷன் பண்ண பாட்டிகிட்ட "வேதன உண்டோ"ன்னா, பாட்டி "உண்டு மக்ளே, ராத்திரி உறங்கவே இல்ல"ன்னாங்க. பத்துக்கு எத்தனைன்னு கேட்டு எழுதி, சிஸ்டர்கிட்ட சொல்லி, மருந்து குடுத்தப்புறம் திரும்ப வந்தும் கேட்டா. அவளுக்கு கம்யூனிகேஷன்ல 2 மார்க் கட், தமிழ் சரியில்லயாம். பாட்டிக்குப் புரிஞ்சுது, மேடத்துக்குத்தான் புரியல போல.

யூனிஃபார்ம் பளிச்னு இருந்தா ஊசி போடுறதுக்கும் சேத்து மார்க் ஏறும், இதை 1920-லயே தார்ன்டைக்னு ஒரு மனவியல்காரர் ராணுவ அதிகாரிங்க போட்ட மார்க்கை வெச்சே காட்டிட்டாரு. வார்டு போஸ்டிங் முடிஞ்சு பஸ்ல உக்காந்து ஞாபகத்துல போட்டா எல்லாருக்கும் 7 தான் வரும், பக்கத்துல நிக்கும்போதே டிக் பண்ணிடுங்க.

தாளை மொத நாளே பிள்ளைங்க கையில குடுங்க, ஒளிச்சு வெக்க அது கேள்வித்தாள் இல்ல. நான் குடுத்தப்போ ஒருத்தி கேட்டா, "மேடம், கிளவுஸ் கழட்டுனதுக்கப்புறம் கை கழுவுறது இதுல இல்லயே?" இல்லதான், பேனாவால எழுதிச் சேத்தேன்.