விறகுக்கு முதல் செயின் சா: குறைந்த காசில் வாங்குபவர்கள் தவறும் இடங்கள்

விவசாயக் கருவி விற்கும் கடையில் "விறகு அறுக்க ஒரு மெஷின் வேணும்" என்று கேட்டால், பெரும்பாலும் கவுன்டர் மேல் வந்து உட்காருவது 58 சி.சி., 22 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) போட்ட செயின் சாதான். ஆறேழாயிரம் ரூபாய் சொல்வார்கள். பக்கத்து அலமாரியில் பெயர் பெற்ற கம்பெனியின் மெஷின் ஒன்று இருக்கும்: 30 முதல் 38 சி.சி., 14 அல்லது 16 இன்ச் பார், விலை மட்டும் இரண்டு மூன்று மடங்கு. பாதி இன்ஜினுக்கு மூன்று மடங்கு காசா என்று யாருக்கும் தோன்றும். அங்கேயே கணக்கு தப்புகிறது. கூரான செயின் போட்ட 32 சி.சி. மெஷின், மழுங்கிய செயினோடு அலறும் 58 சி.சி.யைவிட சீக்கிரம் கட்டையைத் துண்டாக்கிவிடும்.

ஸ்டிக்கரில் உள்ள சி.சி.யையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. சிலிண்டர் விட்டம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) இரண்டும் கையேட்டில் இருந்தால் கடையிலேயே பெருக்கிப் பார்த்துவிடலாம். விட்டத்தின் வர்க்கம், பெருக்கல் 0.785, பெருக்கல் ஸ்ட்ரோக், எல்லாம் சென்டிமீட்டரில். விட்டம் 45.2 மி.மீ., ஸ்ட்ரோக் 34 மி.மீ. என்றால் வருவது 54.5 சி.சி.தான், மேலே 58 என்று எழுதியிருந்தாலும். இந்த வித்தியாசத்தால் விறகு அறுபடாமல் போகாது. ஆனால் ஸ்டிக்கரைப் பார்த்து விலை பேசக் கூடாது என்பதற்கு இது போதும்.

பார் நீளத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். சீமைக் கருவேலம், சவுக்கு, வேப்பங்கிளை என்று வீட்டு விறகுக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் 4 முதல் 10 இன்ச் தடிமன். இதற்கு 16 இன்ச் பார் தாராளம். அதைவிடத் தடித்த கட்டை எப்போதாவது வந்தால், ஒரு பக்கம் அறுத்துவிட்டுப் புரட்டி மறு பக்கம் அறுக்கலாம். 22 இன்ச் பார் கைக்குப் பாரம் என்பது ஒரு தொல்லை. எண்ணெய் போய்ச் சேர வேண்டிய தூரமும் அதிகம். அந்தச் செயினில் 86 டிரைவ் லிங்க் (பாரின் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணிகள்), இரண்டுக்கு ஒன்று வீதம் 43 வெட்டும் பற்கள். 16 இன்ச்சில் 64 லிங்க் செயின் என்றால் 32 பற்கள்தான். ஒவ்வொரு முறை அரம் போடும்போதும் அந்தப் பதினோரு பல் கூடுதல் வேலை. இதையெல்லாம்விட ஆபத்தானது, கட்டையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பார் முனை. அந்த முனையின் மேல் பாதி, பின்னால் மறைந்திருக்கும் கிளையிலோ அடுத்த கட்டையிலோ பட்டால் மெஷின் கண் இமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும்.

ஆக, கையில் ஏழாயிரம்தான் இருக்கிறது, 58 சி.சி. வகையைத்தான் வாங்க முடியும் என்றால் வாங்குங்கள். ஆனால் 22 இன்ச் பாரை மாற்றி 18 இன்ச் பாரும் 72 லிங்க் செயினும் கேளுங்கள். இந்த வகைக்கு ஒரு நல்ல குணமும் உண்டு: கார்புரேட்டர், ஸ்டார்ட்டர், கிளட்ச் டிரம் எல்லாம் பல பெயர்களில் வரும் மெஷின்களுக்கும் ஏறக்குறைய ஒன்றே, விலையும் குறைவு. கொஞ்சம் கூடப் போட முடிந்தால், வீட்டுக்கு மட்டும் அறுப்பவருக்கு 35 முதல் 45 சி.சி., 16 இன்ச் பார், சர்வீஸ் சென்டர் பக்கத்து ஊரில் உள்ள கம்பெனி என்பதே சரியான தேர்வு. பெரிய புளி, மா அடிமரம் அடிக்கடி அறுப்பவர்களுக்குத்தான் 50 சி.சி.க்கு மேல் தேவை. வருடத்துக்கு ஒரு டிராக்டர் லோடுதான் எரிப்பீர்கள் என்றால், மெஷினோடு ஆளை ஒரு நாள் கூப்பிடுவது மலிவு. இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

இதைவிட மலிவாக முடிக்கப் பார்ப்பவர்கள் மூன்று பொறிகளில் விழுகிறார்கள். மோசமானது, 4 இன்ச் ஆங்கிள் கிரைண்டரில் மாட்டும் செயின் சா அட்டாச்மென்ட். கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடுவது. அதில் செயினைச் சட்டென்று நிறுத்தும் செயின் பிரேக் கிடையாது. செயின் அறுந்தால் பிடித்து நிறுத்தும் கொக்கி கிடையாது. எண்ணெய் தானாக வருவதும் பல மாடல்களில் இல்லை. சுவிட்சைத் தள்ளி லாக் செய்துவிட்டால் கை நழுவினாலும் ஓடிக்கொண்டே இருக்கும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். இரண்டாவது, 4 முதல் 6 இன்ச் பேட்டரி குட்டி சா. கவாத்து செய்ய, மிலாறு நறுக்க நல்ல சாமான். காய்ந்த கருவேலக் கட்டைக்கு ஆகாது. மூன்றாவது, பெயர் பெற்ற கம்பெனியின் நிறத்தையும் எழுத்தையும் அப்படியே ஒட்டி அரை விலைக்கு வரும் போலி. அதற்கு அந்தக் கம்பெனியின் சர்வீசும் கிடைக்காது, உண்மையான பாகம் சரியாகப் பொருந்தும் என்ற உறுதியும் இல்லை. சீரியல் எண், ஜி.எஸ்.டி. பில், அங்கீகாரம் பெற்ற டீலர் இந்த மூன்றும் இல்லாமல் அந்தப் பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கட்டையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து அறுப்பவர்கள், கரண்டில் ஓடும் 16 இன்ச் மெஷினை ஏனோ யோசிப்பதே இல்லை. பெட்ரோல் கலக்க வேண்டாம், கயிறு இழுக்க வேண்டாம், சத்தமும் குறைவு. 2,000 வாட் மெஷின் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். இங்கே செய்யும் தவறு ஒயரில். 0.75 சதுர மி.மீ. ஒயரை 30 மீட்டர் இழுத்தால் ஒயரிலேயே சுமார் 13 வோல்ட் போய்விடும், 2.5 சதுர மி.மீ. காப்பர் ஒயரில் அது 4 வோல்ட்தான். ஏற்கெனவே லோ வோல்டேஜ் ஊர் என்றால் அந்த 13 வோல்ட் மோட்டாரைச் சூடாக்கியே கெடுக்கும். 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டுங்கள். ஒயரைத் தோளுக்குப் பின்னால் விட்டு வேலை செய்யுங்கள்.

மெஷின் விலைதான் பட்ஜெட் என்று நினைப்பது அடுத்த தவறு. பத்தாயிரம் ஒதுக்கினால் மூன்றாயிரத்தைத் தனியே எடுத்து வையுங்கள். மாற்றுச் செயின் ஒன்று, ரவுண்டு அரம் இரண்டு, தட்டை அரம் ஒன்று, டூ-டி ஆயில் (பெட்ரோலில் கலப்பது), பார் ஆயில் (செயினுக்கும் பாருக்கும் போவது), கண்ணாடி, காதடைப்பான், ஷூ எல்லாம் அதில் வர வேண்டும். செயின் கேட்கும்போது "18 இன்ச் கொடுங்க" என்று மட்டும் சொன்னால் தப்பான செயின்தான் வரும். பிட்ச் (கண்ணிகளுக்கு இடையிலான தூரத்தைக் குறிக்கும் அளவு), கேஜ் (பார் பள்ளத்தில் ஓடும் லிங்க்கின் தடிமன்), டிரைவ் லிங்க் எண்ணிக்கை என்ற மூன்றும் வேண்டும். பெரும்பாலான பார்களில், இன்ஜினை ஒட்டிய அடிப்பகுதியில் இவை பொறித்திருக்கும். 58 சி.சி. வகைக்குப் பொதுவாக 0.325 இன்ச் பிட்ச், 0.058 இன்ச் கேஜ். பெயர் பெற்ற கம்பெனிகளின் சிறிய மெஷின்களில் 3/8 இன்ச் பிட்ச்சில் உயரம் குறைந்த லோ புரொஃபைல் செயின் இருக்கும், கேஜ் 1.1 அல்லது 1.3 மி.மீ. தேர்ந்தெடுக்க வழி இருந்தால் பல் முனை சற்று உருண்டிருக்கும் செமி சிசல் செயினைக் கேளுங்கள். ஃபுல் சிசல் சுத்தமான மரத்தில் வேகம் காட்டும். மண் ஒட்டிய கருவேலம் பட்டையில் அதன் கூர் சீக்கிரமே போய்விடும்.

அரம் போடத் தெரியாமல் செயின் சா வாங்குவதுதான் பெரிய வீண்செலவு. செயின் மழுங்கியதை மரத்தூள் சொல்லிவிடும். கூராக இருந்தால் அவல் போலச் சீவல் விழும். மாவு மாதிரி தூளாகக் கொட்டினால் நிறுத்திவிட வேண்டும். அழுத்தி அறுத்தால் பார் சூடேறும், கிளட்ச் தேயும், கடைசியில் "இன்ஜினுக்குப் பவர் இல்லை" என்று மெஷினைத் திட்டுவோம். தரையில் கிடக்கும் கட்டையை அறுக்கும்போது முனை ஒரு நொடி மண்ணைத் தொட்டாலும் போதும், எல்லாப் பல்லும் மழுங்கிவிடும். அதனால் கட்டைக்கு அடியில் இரண்டு துண்டு கொடுத்துத் தூக்கி வையுங்கள். தென்னையும் பனையும் நார் காரணமாகவே செயினைத் தின்னும். வேலியோரத்து மரத்தில் பழைய ஆணி, முள்கம்பி புதைந்திருக்கும். அறுக்கும் முன் பட்டையைச் சுற்றிப் பாருங்கள்.

அரத்தின் அளவு பிட்ச்சைப் பொறுத்தது: 3/8 லோ புரொஃபைலுக்கு 4 மி.மீ., 0.325-க்கு 4.8 மி.மீ. இன்ஜினை அணைத்து, பாரை வைஸிலோ மரத்துண்டில் வெட்டிய பள்ளத்திலோ அசையாமல் பிடியுங்கள். எல்லாவற்றிலும் குட்டையான பல்லைத் தேடி அதில் தொடங்குங்கள். மற்றவை அதன் நீளத்துக்கு வர வேண்டும். பாருக்குக் குறுக்கே பிடித்த கோட்டிலிருந்து 30 டிகிரி சாய்வு, பெரும்பாலான செயினில் பல்லின் மேலேயே அந்தக் கோடு இருக்கும். அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேற்பரப்புக்கு மேல் தெரிய வேண்டும். உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளுங்கள். திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள், உரசினால் அரம்தான் வீணாகும். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாவற்றுக்கும் மூன்று. ஒரு பக்கம் முடித்துவிட்டு மறு பக்கம் வாருங்கள். ஒரு பக்கப் பல் நீளமாக நின்றுவிட்டால் மெஷின் கட்டைக்குள் வளைந்துகொண்டே போகும். பார் கோணல் என்று நினைத்துப் புது பார் வாங்குபவர்கள் உண்டு. மூன்று நான்கு முறை அரம் போட்ட பிறகு, பல்லுக்கு முன்னால் நிற்கும் மேட்டையும் தட்டை அரத்தால் குறைக்க வேண்டும். அது பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருந்தால் போதும். ஒரேயடியாகத் தேய்த்தால் செயின் மரத்தைக் கவ்விக் கையை உலுக்கும்.

புதிய செயினைப் பலர் திருப்பி மாட்டிவிடுகிறார்கள். பாரின் மேல் பக்கத்தில் பற்கள் முனையைப் பார்த்து இருக்க வேண்டும். டென்ஷன் வைக்கும்போது பார் முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்குங்கள். கையுறை போட்டுச் செயினை நகர்த்தினால் தடையில்லாமல் ஓட வேண்டும், ஆனால் அடியில் தொங்கக் கூடாது. புதுச் செயின் முதல் சில நிமிடங்களிலேயே நீளும். ஐந்தாறு வெட்டுக்குப் பிறகு, ஆறவிட்டு மறுபடி பாருங்கள்.

பெட்ரோலில் ஆயிலைக் கண்ணளவில் ஊற்றுவது பழைய மொபெட் காலத்துப் பழக்கம். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. எது என்பது கையேட்டில் இருக்கும். விலை குறைந்த மெஷின்கள் பல 25-க்கு 1 கேட்கும். ஜாசோ (ஜப்பானியத் தர அமைப்பு) எஃப்.சி. அல்லது எஃப்.டி. முத்திரை உள்ள டூ-டி ஆயிலை மருந்துக் கடை சிரிஞ்சால் அளந்து ஊற்றினால் தகராறே இல்லை. ஆயில் குறைந்தால் பிஸ்டன் ஜாம் ஆகும். அந்தச் செலவுக்குப் பாதி மெஷின் வாங்கிவிடலாம். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பல கையேடுகள் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயாபிரத்தை விறைக்க வைக்கும். எனவே அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மெஷின் தானாக நிற்கும்வரை ஐடிலில் ஓடவிடுங்கள். அடுத்த முறை ஐம்பது தடவை கயிறு இழுக்கும் பாடு இருக்காது.

பார் ஆயிலுக்குப் பதிலாக வண்டியிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுவது நம் ஊரில் சர்வ சாதாரணம். அதிலுள்ள இரும்புத் துகள் பம்பையும் பார் பள்ளத்தையும் தேய்க்கும். அது தோலுக்கும் மூச்சுக்கும் கெடுதல். பார் ஆயில் கிடைக்காவிட்டால் புதிய எஸ்.ஏ.இ. 30 அல்லது 20-டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் போதும். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது ஆயில் டேங்க்கும் ஏறக்குறைய தீர்ந்திருக்க வேண்டும். அப்படியே நிறைந்திருந்தால் எண்ணெய் போகவில்லை என்று அர்த்தம்.

உடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. லுங்கி, கழுத்தில் துண்டு, ரப்பர் செருப்பு: இந்த மூன்றும் செயின் சாவுக்கு ஆகாது. செயின் துணியைச் சுருட்டி இழுக்கும் வேகத்தில் பிரேக்கைத் தொடக்கூட நேரம் இருக்காது. இறுக்கமான முழு பேன்ட், கெட்டியான ஷூ, கண்ணாடி, காதடைப்பான், இவ்வளவாவது வேண்டும். காலுக்கான பாதுகாப்புக் கவசம் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. இரண்டு இன்ச்சுக்குக் கீழான மிலாறைப் பெரிய மெஷினில் அறுக்காதீர்கள். செயின் அதைப் பிடித்து உங்கள் மேலேயே வீசும். அதற்கு அரிவாள் இருக்கிறது.

காசு கொடுக்கும் முன் கடையிலேயே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஐடிலில் செயின் ஓடக் கூடாது. ஆக்சிலேட்டர் கொடுத்து முன் கார்டை (செயின் பிரேக்) முன்னால் தள்ளினால் செயின் உடனே நிற்க வேண்டும். பார் முனையை ஓர் அட்டைக்கு மேல் பிடித்து முறுக்கினால் அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். சூடான பிறகு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கிளப்புங்கள். குளிரில் கிளம்பிச் சூட்டில் கிளம்பாத மெஷின்தான் காட்டில் காலை வாரும். பழைய மெஷின் என்றால் சைலன்சரைக் கழற்றச் சொல்லுங்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று போல்ட்தான். துளை வழியே பிஸ்டன் பக்கவாட்டில் மேலும் கீழுமாகக் கீறல் தெரிந்தால் விலை பேசாமல் திரும்பிவிடலாம். கீறல் இல்லை என்றால் ஸ்டார்ட்டர் கயிற்றுப் பிடியில் மெஷினைத் தொங்கவிடுங்கள்: விட்டுவிட்டு மெதுவாக இறங்கினால் கம்ப்ரெஷன் இருக்கிறது, சட்டென்று சரிந்தால் இல்லை. செயினைச் சுழற்றும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் அரை மி.மீ.க்கு மேல் பள்ளம் விழுந்திருந்தால் அதன் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயினை மாட்டினால் அதுவும் சேர்ந்தே தேயும்.