பந்து ரெண்டா தெரியுதா? வி.ஆர். பின்பாலுக்கு கிராபிக்ஸ் செட்டிங்ஸ் வைக்கும் முறை

"மாமா, பந்து ரெண்டா தெரியுது" என்று, சாய்ந்த மேஜையில் உருளும் பந்தைத் தட்டி ஆடும் பின்பாலைக் கண்ணில் மாட்டும் வி.ஆர். ஹெட்செட்டில் ஆடிக்கொண்டிருந்த அக்கா பையன் அதைக் கழற்றிக் கொடுத்த அன்றைக்குத்தான் நான் செட்டிங்ஸ் பக்கமே ஒழுங்காகப் போனேன். அதுவரை எல்லாவற்றையும் ஹையில் வைத்து, மேஜைக் கண்ணாடியில் விளக்கு பளபளப்பதைப் பார்த்துத் திருப்தியாக இருந்தேன். அவன் வடசென்னைத் தண்டையார்பேட்டையில் கேரம் ஆடி வளர்ந்தவன். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, பக்கத்துப் புதுவண்ணாரப்பேட்டைப் பெண். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் கண் காயை விட்டு நகராது, அந்தக் கண்ணுக்குப் பந்து இரட்டையாகத் தெரிந்தால் எங்கோ தப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

தப்பு இதுதான். ஹெட்செட் திரை 90 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 90 படம் காட்டும்படி ஓடுகிறது, கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு 45 படம்தான் தருகிறது, அதனால் ஒவ்வொரு படமும் இரண்டு தடவை காட்டப்படுகிறது. கண் பந்தோடு நகர்ந்துகொண்டே இருக்க, பந்து மட்டும் அதே இடத்தில் இன்னொரு தடவை தோன்றுவதால் இரண்டாகத் தெரிகிறது. மற்ற கேம்களில் தலையைத் திருப்பும்போது ஹெட்செட்டே படத்தை நகர்த்திச் சமாளித்துவிடும், ஆனால் பின்பாலில் நாம் ஒரே இடத்தில் நிற்கிறோம், ஓடுவது பந்துதான். நிஜ பின்பால் பந்து 27 மில்லிமீட்டர். அது நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வருவதாக வைத்துக்கொண்டால் 90 பிரேமில் (நொடிக்கு 90 படத்தில்) படத்துக்குப் படம் 2.2 சென்டிமீட்டர் நகரும், அதாவது பந்தின் அகலத்தை விடக் கொஞ்சம் கம்மி. 45 பிரேமில் 4.4 சென்டிமீட்டர் தாவும். பந்தைத் தட்டும் ஃப்ளிப்பரின் நுனியில் அடிக்க வேண்டியவனுக்கு அந்தத் தாவல் போதும், பந்து நடுவில் இறங்கிவிடும்.

அதனால் முதலில் பிரேம், அப்புறம் தெளிவு, அலங்காரம் கடைசி. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கம்ப்யூட்டரில் வி.ஆர். கேம்களை ஓட்டும் ஸ்டீம்விஆரின் செட்டிங்ஸில், ஒரு படம் தயாராக எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் பிரேம் டைம் கிராஃபைத் திறந்து வையுங்கள். 90 ஹெர்ட்ஸுக்கு ஒரு படத்தை 11.1 மில்லிசெகண்டுக்குள் முடிக்க வேண்டும், 72-க்கு 13.9, 120-க்கு 8.3. நான் 90-இல் 9-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன், மீதி மூச்சு விட. இதைச் சும்மா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அளக்கக் கூடாது, மல்டிபால் வந்து ஒரே நேரத்தில் பல பந்து ஓடி எல்லா விளக்கும் எரியும்போது பாருங்கள், அப்போதுதான் கார்டின் உண்மை தெரியும். மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள், அது நடுவில் ஒரு படத்தை ஊகித்துப் போடுவதால் பந்தைச் சுற்றி ஜெல்லி மாதிரி நெளியும். அணைத்த பிறகும் 90 நிற்கவில்லை என்றால் 72-க்கு இறங்குங்கள். நிலையாக ஓடும் 72, அடிக்கடி தடுமாறும் 120-ஐ விட எவ்வளவோ மேல்.

பிரேம் நின்றதா? சரி, இப்போது ரெசல்யூஷன். ஸ்டீம்விஆரில் 150 சதவீதம் என்றால் மொத்தப் பிக்சல் ஒன்றரை மடங்கு, பக்கத்துக்கு ஏறக்குறைய 1.22 மடங்குதான். அதனால் 100-இலிருந்து பத்துப் பத்தாக ஏற்றி, மேஜையின் மேல் கோடியில் பந்து ஓடும் வழிகளில் உள்ள எழுத்துகள் படிக்க வருகிறதா என்று பாருங்கள், வந்ததும் நிறுத்துங்கள். குவெஸ்ட் 2 ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 1832க்கு 1920 பிக்சல், குவெஸ்ட் 3-இல் 2064க்கு 2208, அதற்கு ரொம்ப மேலே போய்ப் பெரிய லாபம் கிடையாது. பந்து ஏறி ஓடும் கம்பிப் பாதைகளான வயர் ராம்ப்புகள் மினுமினுத்தால், விளிம்புகளை மென்மையாக்கும் எம்எஸ்ஏஏ-வை 4-இல் வையுங்கள். அதே வேலைக்கான எஃப்எக்ஸ்ஏஏ வேலையைச் சீக்கிரம் முடிக்கும், ஆனால் எழுத்தையும் சேர்த்து மங்கலாக்கும், எனக்கு அது பிடிக்கவில்லை.

அப்புறம் வெட்ட வேண்டியவை. மூலை முடுக்குகளில் நிழல் போடும் ஆம்பியன்ட் அக்லூஷன் ஆஃப். பிரதிபலிப்பு போடும் ஸ்க்ரீன் ஸ்பேஸ் ரிஃப்ளெக்ஷன் ஆஃப். மானிட்டரில் காட்டும் பிரிவியூ ஆஃப்.

ரசிகர்கள் செய்த மேஜைகளை ஓட்டும் விஷுவல் பின்பால் என்ற கம்ப்யூட்டர் மென்பொருளை ஓட்டுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 10.8 பதிப்பில் சாதாரண எக்ஸ்இ-யை (ஓட்டும் கோப்பை) திறந்தால் வி.ஆர். வராது, பெயரில் ஜிஎல் என்று இருக்கும் எக்ஸ்இ-யைத் திறக்க வேண்டும். மேஜைப் பரப்பின் பிரதிபலிப்பில் பந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம், பந்தின் பிரதிபலிப்பு கீழே தெரிந்தால் ஆழம் பிடிபடும், அது வேண்டும். 6 ஜிபி கார்டு என்றால் மேஜை மேல் ஒட்டும் படங்களான டெக்ஸ்சர்களின் உச்ச அளவை 4096 பிக்சலுக்குக் குறையுங்கள், மெமரி நிரம்பினால் சராசரி பிரேம் நன்றாக இருந்தும் திடீர் திடீரென்று இடறும். ரசிகர்கள் செய்த மேஜைகளில் சுற்றிலும் முழு அறையே கட்டியிருப்பார்கள், சோபா, சுவரொட்டி, ஜன்னல் எல்லாம் இருக்கும், அழகுதான், ஆனால் அதற்கும் கார்டுதான் உழைக்க வேண்டும், பொருள் குறைந்த மினிமல் ரூமுக்கு மாற்றிவிடுங்கள்.

மேஜை அளவையும் சரிபாருங்கள். வழக்கமான நிஜ மேஜைப் பரப்பு 20.25 அங்குல அகலம், 42 அங்குல நீளம், சாய்வு 6.5 டிகிரி. அளவு பெரிதாகிவிட்டால் பந்து மெதுவாக மிதப்பது போல இருக்கும், அதைப் பிரேம் பிரச்சினை என்று நினைத்து நான் ஒரு வாரம் அலைந்தேன்.

வயர் இல்லாமல் ஆடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. நம் பக்கம் ஒரே மாடியில் எட்டு வீடு, எட்டு ரவுட்டர். கம்ப்யூட்டரை லேன் வயரில் ரவுட்டரோடு இணைத்து, ஹெட்செட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் கொடுத்து, ரவுட்டரை அதே அறையில் வையுங்கள். நொடிக்கு எவ்வளவு தகவல் அனுப்புவது என்ற பிட்ரேட்டை உச்சத்துக்கு ஏற்றாதீர்கள், படம் கொஞ்சம் கூர்மையாகும், ஆனால் பட்டன் அழுத்தியதும் ஃப்ளிப்பர் எழுவது தாமதமாகும். பின்பாலில் அந்தத் தாமதம் கையில் உடனே தெரியும். முடிந்தால் யுஎஸ்பி 3 கேபிள் போட்டு ஒரு தடவை ஆடிப் பார்த்து ஒப்பிடுங்கள்.

கடைசியாக வெயில். ராத்திரி 11 மணிக்குச் சரியாக ஓடிய செட்டிங்ஸ் மே மாதம் மதியம் 2 மணிக்கு ஓடாது, கார்டு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் அளப்பதை மதியத்தில் செய்யுங்கள், அதுவும் அரை மணி நேரம் ஆடிய பிறகு. காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடலோரமாக இருந்தால் தூசி ஈரத்தோடு ஃபேனில் ஒட்டிக்கொள்ளும், மாதம் ஒரு தடவை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். படம் திடீரென்று மங்கினால் ரெசல்யூஷனைத் தொடுவதற்கு முன்னால் லென்ஸைப் பாருங்கள், நெற்றி வியர்வை ஆவியாகப் படிந்திருக்கும், கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் துடைத்து, டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராக வைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.