எஸ்எம்பிஎஸ் வாரன்ட்டியில் மாறி வந்ததா? பழைய கேபிளை முதலில் கழற்றுங்கள்

போன வாரம் ஒரு தம்பி புது எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளை) பெட்டியோடு என் கடைக்கு வந்தான். பழையது போய்விட்டது, வாரன்ட்டியில் வேறு கொடுத்துவிட்டார்கள். "அண்ணா, கேபிள் எதையும் நான் கழட்டலை. எல்லாம் கேபினெட்டுக்குள்ள கட்டினபடியே இருக்கு. இதை உள்ள வச்சு சொருகிட்டா அஞ்சு நிமிஷ வேலைதான்" என்றான். எனக்குப் பகீரென்றது. இதே வார்த்தையை 2014-இல் நான் சொல்லியிருக்கிறேன். அந்த ஐந்து நிமிஷ வேலையில் ஒரு கல்யாண ஸ்டுடியோக்காரரின் 2 ஹார்ட் டிஸ்க் போனது.

சிஸ்டம் வேலை பழகுகிற பிள்ளைகள் நான் செய்த தவறுகளையே ஒவ்வொன்றாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பில்லைப் பத்திரமாக வை, அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். தெரியாமல் போய் மாட்டிக்கொள்கிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

போனது எஸ்எம்பிஎஸ்தானா?

மதர்போர்டுக்குப் போகிற 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் பக்கத்தில் இருக்கிற கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் இணைத்துப் பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்த சோதனை. ஃபேன் சுற்றினால் நல்லது, சுற்றாவிட்டால் செத்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டுமே தப்பாகலாம். இப்போது வருகிற பல மாடல்களில் லோடு குறைவாக இருந்தால் ஃபேன் சுற்றவே சுற்றாது, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், கம்பி வைத்தால் ஜோராகச் சுற்றுகிற எஸ்எம்பிஎஸ், கிராபிக்ஸ் கார்டு வேலை செய்ய ஆரம்பித்ததும் படுத்துவிடும். சிஸ்டம் முழு லோடில் ஓடும்போது மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் நிற்க வேண்டும், 5 வோல்ட் லைன் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில்.

ஆன் ஆகவே இல்லை என்றாலும் அவசரப்பட வேண்டாம். கிராபிக்ஸ் கார்டிலோ போர்டிலோ ஷார்ட் இருந்தால், நல்ல எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். மெயின் ஒயரைப் பிடுங்கிச் சில நிமிஷம் விட்டு மறுபடி போட்டால்தான் சிலது எழுந்திருக்கும். அதனால் கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு போர்டு, ப்ராசஸர், ஒரே ஒரு ராம் மட்டும் வைத்துப் பாருங்கள். முடிந்தால் நன்றாக ஓடுகிற வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை, அதனுடைய கேபிளோடு, போட்டுப் பாருங்கள். அதிலும் அதே கோளாறு என்றால் பழுது வேறு பக்கம். இதைச் செய்யாமல் அனுப்பிவிட்டு, பதினைந்து நாள் காத்திருந்து, "பழுது இல்லை" என்ற சீட்டோடு அதே பெட்டியைத் திரும்ப வாங்கியவர்கள் நிறைய.

திறக்காதீர்கள்

ஸ்டிக்கர் கிழிந்தால் வாரன்ட்டி போச்சு. உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டரில் ஒயரைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்.

எழுதி வாங்குங்கள்

சர்வீஸ் சென்டரில் பொருளை வாங்கிக்கொண்டு தருகிற ஜாப் ஷீட்டில் மாடல், சீரியல் நம்பர், கொடுக்கிற கேபிள்களின் எண்ணிக்கை மூன்றும் இருக்க வேண்டும். பழுது என்ன என்ற இடத்தில் "வேலை செய்யவில்லை" என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். சர்வீஸ் சென்டரில் மேசையில் வைத்துச் சில நிமிஷம் ஓட்டிப் பார்ப்பார்கள், அதில் உங்கள் கோளாறு வராமலே போகலாம். "கேம் ஆடத் தொடங்கி இருபது நிமிஷத்தில் ஆஃப் ஆகிறது, ஒயரைப் பிடுங்கிப் போட்டால்தான் மறுபடி ஆன் ஆகிறது" என்று எழுதினால் அதற்கேற்ற மாதிரி சோதிப்பார்கள்.

கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நசுங்கல், துரு, உள்ளே பல்லி என்று எதைக் காட்டியும் மறுக்கலாம். கொரியரில் வந்த நசுங்கல் யாருடையது என்பதற்கு உங்கள் கையில் இருக்கிற ஒரே சாட்சி அந்தப் போட்டோதான்.

பழைய கேபிள், புது எஸ்எம்பிஎஸ்

இப்போது அந்த ஸ்டுடியோக்காரர் கதைக்கு வருகிறேன்.

அவர் சிஸ்டத்தில் இருந்தது மாடுலர் வகை. அதாவது கேபிள் எல்லாம் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனியாகக் கழன்று வரும். 5 வருஷ வாரன்ட்டிக்குள்ளேயே போனது. சர்வீஸ் சென்டரில் "யூனிட் மட்டும் போதும், கேபிள் வேண்டாம்" என்றார்கள். எனக்கும் சந்தோஷம்தான். கேபினெட்டின் பின்பக்கம் அத்தனை கேபிளையும் அழகாக வரிசை போட்டுக் கட்டியது நான், அதைப் பிரிக்க மனசு வரவில்லை. பழைய மாடல் நின்றுவிட்டதால் அதே கம்பெனியின் அடுத்த மாடலைக் கொடுத்தார்கள். அதே கம்பெனிதானே என்று எடுத்துவந்தேன். போர்டுக்குப் போகிற 24 பின் கேபிள் புதியதில் பொருந்தவில்லை, அதனால் அதை மட்டும் வேறு கேட்டு வாங்கி மாற்றினேன். டிஸ்க்குக்குக் கரண்ட் கொண்டுபோகிற சாட்டா கேபிள் சிக்கென்று பொருந்தியது. பொருந்தியதால் விட்டுவிட்டேன்.

பட்டனை அழுத்தினேன். ஃபேன் ஒரு துள்ளு துள்ளி நின்றது. வந்த ரீப்ளேஸ்மென்டும் பழுது போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் இரண்டு தடவை அழுத்தினேன். மூன்றாவது தடவை கருகல் வாடை வந்தது.

நடந்தது இதுதான். 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் தரம், போர்டிலும் டிஸ்க்கிலும் சொருகுகிற முனையில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்று வரையறுத்து வைத்திருக்கிறது. எந்த ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் வாங்கினாலும் அந்த முனை ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கம் சொருகுகிற முனைக்கு அப்படி ஒரு பொது வரிசை கிடையாது. அங்கே 12 வோல்ட்டை எந்தப் பின்னில் வைப்பது, 5 வோல்ட்டை எதில் வைப்பது என்பது செய்கிறவர் இஷ்டம். பிளக்கின் அச்சோ பொதுவாகக் கிடைக்கிற ஒன்று, அதனால் ஒருவருடைய கேபிள் இன்னொருவருடைய துளையில் தாராளமாகப் போய் உட்காரும். ஒரே பெயரில் வருகிற இரண்டு மாடல்களைக்கூட வெவ்வேறு தொழிற்சாலைகள் செய்து கொடுத்திருக்கலாம், வரிசையும் மாறியிருக்கலாம். கோர்சேர் கம்பெனி தன் கேபிள்களில் டைப் 3, டைப் 4 என்று அச்சடிப்பது இந்தக் குழப்பம் வரக்கூடாது என்றுதான்.

அன்றைக்கு டிஸ்க்கின் 5 வோல்ட் லைனில் 12 வோல்ட் ஏறிவிட்டது. டிஸ்க்கின் போர்டில் அரிசி அளவுக்கு ஒரு டயோடு இருக்கும். வோல்ட் அதிகமாக வந்தால் அது ஷார்ட் ஆகித் தன் உயிரைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றும். அந்த ஷார்ட்டைப் பார்த்துத்தான் எஸ்எம்பிஎஸ் நின்றிருக்கிறது, அதை நான் ரீப்ளேஸ்மென்ட் பழுது என்று நினைத்து மேலும் மேலும் அழுத்தியிருக்கிறேன். டேட்டா ரிகவரிக்காரர் ஒரு டிஸ்க்கில் அந்த டயோடை எடுத்துவிட்டார், டிஸ்க் ஓடியது. இன்னொன்று எழுந்திருக்கவே இல்லை. அதில் மூன்று கல்யாணங்களின் வீடியோ இருந்தது. என் கையிலிருந்து 18,000 ரூபாய் போனதை மறந்துவிட்டேன். அந்த மூன்று வீடுகளுக்கும் ஸ்டுடியோக்காரர் போய் நின்றதை மறக்க முடியவில்லை.

எஸ்எம்பிஎஸ் வாரன்ட்டியில் இந்த டிஸ்க்குக்கு எதுவும் கிடைக்காது. எங்களோடு வந்த கேபிளை நீங்கள் போடவில்லை என்பார்கள், அது உண்மையும்கூட. ஆனால் கேபிள் வேண்டாம் என்று சொல்லி வாங்கிவிட்டு, வேறு மாடலை நீட்டும்போது "பழைய கேபிளைப் போடாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்புகிறார்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதைச் சொல்ல அரை நிமிஷம் போதும்.

அதனால், கொடுக்கப் போகும் முன்பே கேபிளைக் கட்டியிருக்கிற டை எல்லாம் வெட்டி ஒரு கேபிள் விடாமல் வெளியே எடுத்துவிடுங்கள். வாங்கிக்கொண்டால் யூனிட்டோடு கொடுத்துவிடுங்கள். கையில் பழைய கேபிள் இல்லையென்றால் இந்தத் தவறைச் செய்யவே முடியாது. யூனிட் மட்டும் போதும் என்றால், திரும்ப வாங்கும்போது பின்பக்க லேபிளில் மாடல் நம்பரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் அதற்குரிய கேபிள் செட் கேட்டு வாங்காமல் நகராதீர்கள். அதே மாடல்தான் என்றாலும் டிஸ்க்கை மாட்டும் முன் மீட்டர் வைத்துவிடுங்கள். மோலெக்ஸ் முனையில் (பழைய டிஸ்க், ஃபேனுக்குப் போகிற அகலமான பிளக்) நான்கு பின், நடுவில் இரண்டும் கிரவுண்டு, ஒரு ஓரத்தில் 12, மறு ஓரத்தில் 5. மாடுலர் கேபிள் பெரும்பாலும் எல்லாமே கறுப்பாக இருக்கும், எந்த ஓரம் எது என்று தெரியாது. கலர் ஒயர் வைத்த பழைய எஸ்எம்பிஎஸ் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், அதில் மஞ்சள் 12, சிவப்பு 5. சாட்டா கேபிளுக்கும் இதே மாதிரி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அந்தத் தம்பியை உட்காரவைத்து 14 டை வெட்டினோம். புதுப் பெட்டியின் அடியில் அதனுடைய கேபிள்கள் பை பிரிக்காமல் கிடந்தன, அவன் பார்க்கவே இல்லை. பழைய சாட்டா கேபிளையும் புதியதையும் அருகருகே திருப்பிப் பிடிக்கச் சொன்னேன். இரண்டிலும் ஆறு குழி, ஐந்து ஒயர். பழையதில் காலிக் குழி மேல் வரிசை நடுவில் இருந்தது, புதியதில் கீழ் வரிசை ஓரத்தில். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சிவப்பு ஸ்விட்ச்

பின்பக்கம் 115/230 ஸ்விட்ச் இருந்தால் 230-இல் வைத்த பிறகே பிளக்கைச் சொருகுங்கள். 115-இல் இருந்தால் நம் ஊர் கரண்டில் வெடிக்கும்.

சீரியல் நம்பர் மாறிவிட்டது

மாற்றிக் கொடுத்த எஸ்எம்பிஎஸ்ஸின் நம்பர் உங்கள் பில்லில் இருக்காது. இரண்டு வருஷம் கழித்து அதுவும் போனால், இந்த நம்பருக்கு பில் எங்கே என்பார்கள். பழைய நம்பருக்குப் பதில் இந்த நம்பர் கொடுக்கப்பட்டது என்று முத்திரையோடு சீட்டோ, குறைந்தது ஒரு மின்னஞ்சலோ வாங்கி பில்லோடு சேர்த்துவையுங்கள். வாரன்ட்டியும் பெரும்பாலும் புதிதாகத் தொடங்காது, பழையதில் மிச்சம் இருக்கிற காலம்தான். அதையும் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

இழுத்தடித்தால்

போனில் கத்திப் பயனில்லை. எழுத்தில் கேளுங்கள். பிறகு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

மிஞ்சும் கேபிள்

யூனிட் திரும்ப வராமல் கேபிள் மட்டும் தங்கிவிட்டால், அவசரத்துக்கு உதவும் என்று டிராயரில் போடாதீர்கள். எந்த எஸ்எம்பிஎஸ்ஸுடையது என்று ஆறு மாதத்தில் மறந்துபோகும், எடுக்கிற கை உங்களுடையதாக இல்லாமலும் போகலாம். என் கடையில் அப்படி மிஞ்சுகிற கேபிளை எஸ்எம்பிஎஸ் பக்க முனையோடு நறுக்கிவிட்டுத்தான் பழைய சாமான்காரரிடம் போடுகிறேன். அந்தத் தம்பியின் கேபிளை அவன் கையாலேயே நறுக்கவைத்தேன்.