நோட்டு நிரம்பினால் பாடம் முடிந்ததா? வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

சென்ற மாதம் ஒரே வாரத்தில் இரண்டு அம்மாக்கள் என்னிடம் நோட்டுகளைக் காட்டினார்கள். ஒருவர் வியாசர்பாடி, இன்னொருவர் கொளத்தூர். "பாருங்க மிஸ், ஒரு நாள்கூட விடலை" என்றார்கள். இருவரின் பிள்ளைகளும் உடம்பு முடியாமல் மாதக்கணக்கில் பள்ளிக்குப் போகாதவர்கள். தேதி, மார்ஜின், தலைப்பு எல்லாம் கச்சிதம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினோரு வருடங்களுக்கு முன் பெரம்பூரில் என் வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு இருந்தது.

பிள்ளையை அடிக்காதீர்கள், டிவியை அணையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அக்கறையுள்ள பெற்றோர் அக்கறையாலேயே செய்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

நோட்டை நிரப்புவது

என் மகனுக்கு இரண்டாம் வகுப்பில் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் வந்தது. சிறுநீரில் புரதம் வெளியேறி உடம்பு வீங்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் வடியும், பல பிள்ளைகளுக்கு மறுபடியும் வரும். இவனுக்கும் வந்துகொண்டே இருந்தது. காலையில் இமைகள் உப்பிப்போய்க் கண்ணே சரியாகத் திறக்காது. அந்தக் கண்ணோடு அவனை உட்கார வைத்து, எதிர்வீட்டுப் பையனின் நோட்டை வாங்கி வந்து பார்த்து எழுதச் சொல்வேன். பள்ளிக்குத் திரும்பும்போது எதுவும் விட்டுப்போயிருக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

ஒருநாள் புரட்டிப் பார்த்தால், பக்கத்தின் மேல் மூலையில் எதிர்வீட்டுப் பையனின் பெயர், என் மகனின் கையெழுத்தில். கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்து வைத்திருக்கிறான். அதே பக்கத்தில் ஒரு வரியை வாசிக்கச் சொன்னேன். முதல் எழுத்தைச் சொன்னான், அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். நான்கு மாதம் போயிருந்தது.

இப்போது நோட்டுக்குப் பதில் வகுப்பு வாட்ஸ்அப் குழு. சாயங்காலம் ஆனால் படம் வந்துவிடும், பிள்ளை போனைப் பார்த்து எழுதும். வியாசர்பாடிப் பெண் மூன்றாம் வகுப்பு. காலில் அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் இருக்கிறாள். நோட்டில் 402 - 165 = 237 என்று சரியாக இருந்தது. வேறு தாளில் 43 - 17 என்று எழுதிக் கொடுத்தேன். 34 என்றாள். மூன்றிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து மூன்றைக் கழித்துவிட்டாள். கடன் வாங்குவது என்றால் என்னவென்று அவளுக்கு யாருமே காட்டவில்லை.

துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டோம். நான்கு கட்டு, மூன்று உதிரி. "இதிலேர்ந்து ஏழு எடு" என்றேன். உதிரியையும் கட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கட்டின் ரப்பர் பேண்டை அவளே கழற்றினாள். தினமும் இருபது நிமிடம், மூன்று நாள். நான்காம் நாள் குச்சியில்லாமல் 26 என்றாள்.

உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு ஒரு நாளில் தெளிவாக இருக்கும் நேரமே சொற்பம். பார்த்து எழுதுவது அதை முழுசாகத் தின்றுவிடுகிறது. இன்னொரு கெடுதலும் உண்டு. பிள்ளை திரும்பிப் போகும்போது ஆசிரியர் நிரம்பிய நோட்டைப் பார்த்து, இவளுக்கு எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். காலியான நோட்டாக இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்தாவது சொல்லிக் கொடுப்பார்.

படம் கேட்காதீர்கள். "இன்னைக்குப் புதுசா என்ன சொல்லிக் கொடுத்தாங்க?" என்று மட்டும் கேளுங்கள். அது பிள்ளைக்கு எட்டவில்லை என்றால் கீழ் வகுப்புப் புத்தகத்துக்குப் போங்கள். பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலேயே அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை இருக்கும் நிலையைப் பார்த்துத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

டிசி வாங்கிவிடுவது

அவசரப்படாதீர்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, சேர்ந்த பிள்ளையைத் தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு, முடியும்வரை பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. கடுமையான குறைபாடோ ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகளோ உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கும் உரிமையை 2012-இல் வந்த திருத்தம் கொடுத்தது. அப்படிப்பட்ட பிள்ளை என்றால் உங்கள் பகுதியில் கல்வித் துறை நடத்தும் வட்டார வள மையத்தில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் சிறப்பாசிரியரைப் பற்றி விசாரியுங்கள். ஏற்கெனவே டிசி வாங்கியாயிற்றா? வயதுக்கேற்ற வகுப்பில் சேரவும், விட்டதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சி பெறவும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஒன்பதரைக்கு மணி அடிப்பது

வீட்டில் வேண்டாம். மருந்து சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் பிள்ளையின் முகம் தெளிகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். என் மகனுக்கு அது சாயங்காலம் நான்கு மணி, தண்ணீர் லாரி வரும் நேரம். குடத்தை மாமியார் பார்த்துக்கொண்டார்.

வலி இருக்கும் நாளில் பாடம்

கூடாது. கதை சொல்லுங்கள்.

தோழர்களை மறந்துவிடுவது

டாக்டர் சரி என்றால் ஒரு பிள்ளையை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். கூடாது என்றால் வீடியோ கால். வியாசர்பாடிப் பெண்ணுக்கு இப்போது சனிக்கிழமைதோறும் கூடப் படிக்கும் பெண் ஒருத்தி வருகிறாள். போன வாரம் அவளுக்கு இவள்தான் ஈர்க்குச்சியில் கடன் வாங்கிக் காட்டினாள்.