மட்டக்களப்புப் பாதையின் ரயில் கடவைகளை ஆவணப்படுத்தலாம், வாருங்கள்

ரயில் பைத்தியம் பிடித்தவர்கள் முதலில் எஞ்சினைத்தான் படம் எடுப்பார்கள். எஞ்சின் நாளையும் வரும். வீதி தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும் கடவையில் இருக்கும் மணியும் கையால் இழுத்து மூடும் படலையும் அப்படியல்ல. ஒரு நாள் அதைக் கழற்றிவிட்டு மின் தடுப்பைப் பூட்டிவிடுவார்கள். பழையது எப்படி இருந்தது என்று பிறகு கேட்டால் ஊரில் ஒருவரிடமும் படம் இருக்காது. ஆகவே புதியவர்கள் கடவையிலிருந்தே தொடங்குங்கள்.

படி 1: பாதையைப் படியுங்கள்

வடக்குப் பாதையிலிருந்து மாகோவில் பிரிந்து, கல்ஓயாச் சந்தியில் திருகோணமலைப் பாதையை விட்டு விலகி, பொலன்னறுவை, வெலிக்கந்தை, புனாணை, வாழைச்சேனை, கல்குடா, ஏறாவூர் வழியாக வரும் தண்டவாளம் மட்டக்களப்போடு முடிகிறது. 1928இல் திறந்த பாதை. 5 அடி 6 அங்குல அகலம், ஒற்றைத் தடம். அம்பாறை மாவட்டத்துக்கு ரயில் இல்லாததால் கல்முனை, அக்கரைப்பற்று நண்பர்கள் பஸ் ஏறித்தான் வர வேண்டும். உதயதேவி ரயில் எத்தனை மணிக்குக் கடக்கும் என்பதை அன்றன்று நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அட்டவணையை மட்டும் நம்பி வெயிலில் நிற்க வேண்டாம்.

படி 2: கொப்பி முதலில், கமரா பிறகு

ஒரு கடவைக்கு ஒரு பக்கம். ஊர், வீதியின் பெயர், திகதி, அருகிலுள்ள மைல் கட்டையின் எண் ஆகியவற்றை எழுதுங்கள். அடுத்து வகை: காப்பாளர் மூடும் படலையா, மின் தடுப்பா, மணியும் விளக்கும் மட்டுமா, வெறும் எச்சரிக்கைப் பலகையோடு நிற்கும் பாதுகாப்பற்ற கடவையா?

மணி உள்ள இடத்தில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. மணி ஒலிக்கத் தொடங்கியதும் கைத்தொலைபேசியில் நேரத்தை ஓடவிடுங்கள். எஞ்சினின் மூக்கு வீதியைத் தொடும்போது நிறுத்துங்கள். விளக்குகள் மாறிமாறி எரிகின்றனவா, ஒன்று அணைந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். மணி ஒலிக்காவிட்டால் படத்தை முகநூலில் போடுவதற்கு முன் நிலைய அதிபரிடம் சொல்லுங்கள். விருப்பக்குறிகள் பிறகு வரட்டும்.

படி 3: நிற்கும் இடம்

தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம். வீதியோரத்தில், தடுப்புக்கு வெளியே நில்லுங்கள். சிக்னல் கம்பம் தூரத்தில் இருந்தால் கமராவின் சூமைப் பயன்படுத்துங்கள், கால்களை அல்ல. தண்டவாளத்தின் பக்கவாட்டில் அதைச் செய்த ஆலையின் பெயரும் ஆண்டும் புடைப்பாக இருக்கும். மாலை நேரத்துச் சாய்ந்த வெயிலில் அந்த எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும். கடவையில் நின்றபடியே படிக்கலாம். புனாணை, வெலிக்கந்தைக் காட்டுப் பக்கம் இருட்டிய பின் தனியாகப் போக வேண்டாம். யானைகள் உங்கள் அட்டவணையைப் பார்த்து நடப்பதில்லை.

காப்பாளர் இருக்கும் கடவையில் முதலில் அவரோடு பேசுங்கள். “அண்ணன், உங்கள் கொடியையும் விளக்கையும் படம் எடுக்கலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார். முகத்தை எடுப்பதற்குத் தனியாக அனுமதி கேளுங்கள்.

படி 4: கைகாட்டியும் டேப்லட்டும்

கைகாட்டி என்பது கை போன்ற பலகை பொருத்திய சிக்னல் கம்பம். அந்தக் கை கிடையாக நின்றால் ரயில் நிற்க வேண்டும்; சாய்ந்தால் போகலாம். இரு நிலைகளையும் ஒரே இடத்திலிருந்து எடுத்தால்தான் படத்துக்குப் பயன். ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு ரயில்கள் வராமல் காப்பது டேப்லட் முறை. டேப்லட் என்பது சாரதிக்குப் பாதை அனுமதியாகக் கொடுக்கும் உலோக வில்லை. அடுத்தடுத்த இரு நிலையங்களின் கருவிகளும் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருப்பதால், அந்தத் துண்டுப் பாதைக்கு ஒரு வேளையில் ஒரு டேப்லட்டைத்தான் வெளியே எடுக்க முடியும். அது கையில் இல்லாமல் சாரதி புறப்படக் கூடாது. வளையத்தில் தொங்கும் தோல் பையோடு அது கைமாறும் கணத்தை எடுக்க, நிலைய அதிபரின் அனுமதியோடு மேடையில் நில்லுங்கள்.

படி 5: பழைய பாலமும் பழைய எஞ்சினும்

ஓட்டமாவடியின் பழைய இரும்புப் பாலத்துக்கு ஒரு முழுக் காலைப்பொழுதையும் ஒதுக்குங்கள். ரயிலும் லொறியும் ஒரே தளத்தில் போன பாலம் அது. உண்மையில் அதுவே ஒரு நீண்ட கடவை. மனம்பிட்டியிலும் 2007இல் வீதிக்குத் தனிப் பாலம் திறக்கும்வரை அப்படித்தான். ரயில் போகட்டும் என்று அங்கே காத்துக் கிடந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். படத்தைவிட அவர்களின் குரல் பெறுமதியானது, பதிவு செய்யுங்கள்.

நீராவி எஞ்சின் வேண்டுமென்றால் மட்டக்களப்பில் தேட வேண்டாம், கடுகண்ணாவை ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போங்கள். இன்னும் பாதையில் ஓடும் பெரிய டீசல் எஞ்சின்களில் மூத்தவை என்றால் கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடாவிலிருந்து வந்த எம்2 வகை. அவற்றில் பல ஒன்ராறியோ, ஆல்பேர்ட்டா என்று கனடா மாகாணங்களின் பெயர்களைச் சுமந்தவை. எஞ்சினை எடுக்கும்போது எண், பெயர்ப்பலகை, பூச்சின் நிறம் மூன்றும் தெரிய வேண்டும்.

படி 6: வீட்டுக்கு வந்த அன்றே

கோப்புக்கு ‘ஏறாவூர், மணிக் கடவை, திகதி’ என்ற ஒழுங்கில் பெயரிடுங்கள். நல்ல படங்களை, எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் விடுபட்ட கடவைகளைச் சேர்க்கும்போது வாகனக் கடவையையும் நடைபாதைக் கடவையையும் வேறுவேறாகக் குறியுங்கள். அங்கே இரண்டுக்கும் தனித்தனிக் குறிச்சொற்கள் உண்டு.