மறுவிற்பனை வீடு: இன விகிதத்தை முதலில் பாருங்கள்

சித்திரைப் புத்தாண்டை ஒட்டி சிங்கப்பூரின் மரின் பரேட், பிடோக் போன்ற கடலோரப் பேட்டைகளில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மறுவிற்பனை வீடு தேடும் நம் குடும்பங்கள், கடற்காற்றையும் பக்கத்து உணவங்காடி நிலையத்தையும் பார்த்து மனம் லயிப்பதற்கு முன்பே, அந்தப் புளோக்கில் இந்தியர், மற்றவர் பிரிவுக்கான இன விகிதம் (ஒரு புளோக்கில் அந்தப் பிரிவினர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் உச்ச அளவு) நிறைந்துவிட்டதா என்று வீவக இணையத்தளத்தில் பார்த்துவிடுவது மிக அவசியம். 1989 முதல் நடப்பிலுள்ள இந்த விகிதம் மாதந்தோறும் முதல் தேதி புதுப்பிக்கப்படுகிறது. நிறைந்திருந்தாலும், விற்பவரும் அதே பிரிவினராக இருந்தால் வாங்கலாம். ஆகவே முகவரிடம் முதல் அழைப்பிலேயே இதைக் கேளுங்கள். வீட்டைப் பார்க்கும்போது, உப்புக் காற்றில் சன்னல் கம்பிகள் துருவேறியுள்ளனவா என்று தொட்டுப் பாருங்கள். வீடு வாங்க உங்களுக்குள்ள தகுதியைக் காட்டும் வீவகவின் வீட்டுத் தகுதிக் கடிதம் கைக்கு வந்த பிறகே, விற்பவரிடமிருந்து ‘வாங்கும் உரிமை’யை (குறித்த காலத்துக்கு வீட்டை உங்களுக்கென ஒதுக்கிவைக்கும் ஒப்பந்தம்) பெறலாம். இந்த உரிமைக்கான கட்டணம் 1,000 வெள்ளியைத் தாண்டாது, முடிவெடுக்க 21 நாள்கள் உண்டு.