சென்னையிலிருந்து டொரான்டோ: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

சென்னைக்கும் டொரான்டோவின் பியர்சன் விமான நிலையத்துக்கும் இடையே மிகக் குறுகிய வான்வழி சுமார் 13,400 கிலோமீட்டர். ஆப்கானிஸ்தான், ரஷ்யா, கிரீன்லாந்து என்று வடக்கே ஏறி இறங்கும் பாதை அது. ஆனால் நேரடி விமானம் கிடையாது. நடுவில் எங்காவது மாறித்தான் ஆக வேண்டும். லண்டன் வழியாக வந்தால் சுமார் 13,900, துபாய் வழியாக வந்தால் 14,000. இந்த நூறு கிலோமீட்டரைப் பார்த்து டிக்கெட் எடுப்பதில் பயனில்லை.

எந்த வழியில் வந்தாலும் வானில் இருப்பது 18, 19 மணி நேரம்தான். மொத்தப் பயணம் 22 மணி நேரமா 35 மணி நேரமா என்பதை நடுவில் காத்திருக்கும் நேரமே முடிவு செய்கிறது. மிக மலிவான டிக்கெட் கண்ணில் பட்டால் முதலில் இந்தக் காத்திருப்பு நேரத்தைப் பாருங்கள். அதற்காக ஒன்றரை மணி நேர இடைவெளியும் வேண்டாம். குழந்தைகளோ வயதான பெற்றோரோ கூட வந்தால் மூன்று மணி நேரம் இருப்பது நல்லது. இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. அமெரிக்கா வழியாக வருவதென்றால் சும்மா விமானம் மாறுவதற்கே விசா வேண்டும், மறக்காதீர்கள்.

டிக்கெட்டில் இருக்கும் நேரமெல்லாம் அந்தந்த ஊர் நேரம். கோடையில் டொரான்டோ நம் ஊரைவிட 9½ மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 10½. ஜூலையில் காலை 5 மணிக்குச் சென்னையில் ஏறி, அன்றே மாலை 6 மணிக்கு டொரான்டோவில் இறங்குவதாகப் போட்டிருந்தால், அது 13 மணி நேரப் பயணம் இல்லை, 22½ மணி நேரம். நீங்கள் இறங்கும்போது ஊரில் அம்மாவுக்கு விடியற்காலை மூன்றரை. இன்னொரு பொறி தேதியில் இருக்கிறது. சனிக்கிழமை அதிகாலை 1:45 விமானம் என்றால் வெள்ளி இரவே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். சனி இரவு பெட்டியோடு போய் நிற்பவர்கள் இன்றும் உண்டு.

நடு விமான நிலையத்திலும் பாதுகாப்புச் சோதனை உண்டு. ஊறுகாய், நெய் பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் அங்கே குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். பெரிய பெட்டியில் வையுங்கள். குளிர்காலமென்றால் ஜாக்கெட் மட்டும் கையில் இருக்கட்டும்.

கனடாவில் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே குடிவரவுச் சோதனை முடிந்துவிடும். படிப்புக்கோ நிரந்தர வசிப்புரிமை (PR) பெற்றோ வருபவர்களுக்கு அங்கே வரிசை நீளும். அதனால் வின்னிபெக், எட்மன்டன் என்று கனடாவின் வேறு ஊர்களுக்குப் போகிறவர்கள் அடுத்த விமானத்தை நான்கு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். டொரான்டோவின் ஸ்கார்பரோ பகுதியிலிருந்து அழைத்துப்போக ஆள் வருகிறாரா? எந்த டெர்மினல் என்று முன்பே சொல்லிவிடுங்கள். எமிரேட்ஸ் ஒன்றாம் டெர்மினல், பிரிட்டிஷ் ஏர்வேஸ் மூன்றாம் டெர்மினல். மாறிப்போனாலும் பரவாயில்லை, நடுவே இலவச ரயில் ஓடுகிறது. பெட்டி எல்லாம் கைக்கு வந்த பிறகு போன் செய்யுங்கள். அதுவரை அவர் காரோடு வெளியிலேயே காத்திருக்கட்டும்.